வைகுண்ட ஏகாதசியும் அக்காவின் சிறுநீர்ப்பையும்

ஊரே சொர்க்கவாசல் பார்க்க ஸ்ரீரங்கத்துக்கு வரும் வாரத்தில், புற்றுநோய் டாக்டரைப் பார்க்கத் திருச்சியில் தேதி வாங்கிய புத்திசாலி நான்தான். காலண்டரைப் பார்க்கவில்லை. அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் யாரும் காலண்டர் பார்க்கிற நிலையில் இல்லை.

இந்த வலைப்பதிவில் வழக்கமாக அருவி, மலை, கோவில் என்று எழுதுவேன். இந்த முறை என் அக்கா வசந்தாவோடு போன பயணம். அரியலூர்ப் பக்கம் கிராமத்தில் மாவு மில் நடத்துகிறாள். வயது ஐம்பத்தெட்டு. சிறுநீரில் ரத்தம் வந்ததை முதலில் ‘மில் சூடு’ என்று இளநீர் குடித்தே மறைத்துவிட்டாள். பிறகு டாக்டரிடம் போனால் யூரினரி இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை. நிற்கும், திரும்ப வரும், திரும்ப அதே மாத்திரை. பெண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று மூன்று பேர் சொன்னார்கள். நாலாவது ஆள்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையில் கட்டி. திருச்சியில் கருவியை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய். பக்கத்து நெறிகட்டிகளுக்கும், அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கும், போயிருந்தது. பையையே எடுத்துவிட்டு வயிற்றில் வெளிப்பை மாட்டும் ஆபரேஷனுக்குப் பொங்கல் கழிந்து நாள் குறித்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று தில்லைநகரில் புற்றுநோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். அவர் போனில் கேட்டது ஒன்றுதான். “கடைசி வரியில ‘மேற்கொண்டு பரிசோதனை தேவை’ன்னு இருக்கே, அதைச் செஞ்சாங்களா?” யாரும் செய்யவில்லை. அந்த வரியை நாங்களும் படிக்கவில்லை. “இது வேற அபூர்வமான வகையா இருக்கலாம். அப்படின்னா முதல்ல கத்தி வைக்கக் கூடாது. லேப்ல பிளாக் இருக்கும், அதை வாங்கிட்டு அக்காவையும் கூட்டிட்டு வாங்க” என்றார். பிளாக் என்றால், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னத் துண்டு. அது தென்னூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருந்தது.

இப்போது பயணம். அரியலூரிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. இந்த நோய் உள்ளவர்களோடு வருகிறவர்கள் ரயிலிலேயே வாருங்கள், காரணம் கழிப்பறை. அக்காவுக்கு அரை மணிக்கு ஒருதரம் போக வேண்டும், அடக்க முடியாது. ஸ்ரீரங்கம் சுமார் அறுபது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த நேரத்தில் அக்கா மூன்று முறை எழுந்து போனாள். ஒவ்வொரு முறையும் கதவுக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்களை எழுப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது முறை ஓர் அம்மாள், “சுகரா?” என்று கேட்டார். “இல்லீங்க, கேன்சர்” என்றாள் அக்கா. அதற்குப் பிறகு வழி தானாகத் திறந்தது.

திருச்சியில் தங்குமிடம் எதுவும் கிடைக்காமல் ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதிக்கு அருகே ஒரு வீட்டு மாடியறையைப் பிடித்திருந்தேன். கூட்டத்தைக் காரணம் காட்டி வாடகையை இரட்டிப்பாக்கியிருந்தார்கள், அது போகட்டும். போய்ப் பார்த்தால் அறை மாடியில், கழிப்பறை கீழே கொல்லையில்! வீட்டுக்கார மாமா திருமண் இட்டுக்கொண்டு ரொம்பப் பிரியமாக வரவேற்றார். “ஏகாதசிக்கு வந்திருக்கேள், பாக்கியம்னா பாக்கியம். பெருமாள் திருவடிக்கு வந்தாச்சு, இனி எல்லாம் அவன் பார்த்துப்பான்.”

“மாமா, பெருமாள் பார்த்துக்கட்டும். எங்களுக்குக் கீழ் அறை வேணும். அக்காவால ராத்திரியெல்லாம் படி இறங்க முடியாது.”

“கீழ வேறொருத்தருக்குச் சொல்லியாச்சேம்மா. காஞ்சிபுரத்துலேர்ந்து வரா, வருஷா வருஷம் வரவா.”

நான் பேசினேன், கெஞ்சினேன், கடைசியில் குரலை உயர்த்தினேன். உள்ளேயிருந்து மாமி வந்தார். “ஏன்னா, என்ன இது, உடம்பு முடியாதவாளை நிறுத்தி வெச்சுண்டு? காஞ்சிபுரத்துக்காரா மாடி ஏறட்டும், கால் நன்னாத்தானே இருக்கு” என்று சாவியை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு நொடி வேலை. இதற்கு நான் ஏன் அரை மணி நேரம் கத்தினேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை தென்னூருக்கு ஆட்டோ. எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு வந்தார். சாதாரண நாளில் இதில் பாதிதான், ஏமாறாதீர்கள். காவிரிப் பாலத்துக்கு முன்னால், மாம்பழச்சாலையில், வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. அக்கா என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியின் அர்த்தம் எனக்குத் தெரியும்.

“அண்ணே, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?”

“பாலம் தாண்டித்தாங்க. அதுவும் இன்னிக்கு எப்ப தாண்டுவோம்னு சொல்ல முடியாது” என்றார் டிரைவர்.

அக்கா இறங்கிவிட்டாள். எதிரே ஒரு ஸ்கூட்டர் ஷோரூம். வாசலில் இருந்த பையன் “கஸ்டமருக்கு மட்டுந்தாங்க பாத்ரூம்” என்றான். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கஸ்டமர்தான்பா. அந்தச் சிவப்பு வண்டிக்கு விலை எழுதி வை. அதுக்குள்ள பாத்ரூம் போயிட்டு வரேன்.” போனாள். வந்தாள். விலைச்சீட்டை வாங்கிக்கொண்டு, “மைலேஜ் பத்தாதுப்பா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்த ஷோரூமிலிருந்து மாதக்கணக்கில் எனக்குப் போன் வந்தது. நம்பர் என்னுடையதைக் கொடுத்திருக்கிறாள்.

பரிசோதனைக்கூடத்தில் கவுண்டர் பெண், “ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே, பிளாக் எதுக்கு?” என்றாள். சொன்னேன். டாக்டர் கடிதம் கேட்டாள், டாக்டரம்மா அனுப்பியிருந்ததைக் கொடுத்தேன். பிறகு, “இன்சார்ஜ் சார் கோவிலுக்குப் போயிருக்காரு. பிளாக் ரூம் சாவி அவர்கிட்ட. ரெண்டு நாள் கழிச்சு வாங்க.”

அக்கா நாற்காலியை இழுத்துக் கவுண்டருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“தங்கச்சி, அது என் உடம்புலேர்ந்து எடுத்ததுதானே?”

“ஆமாங்க.”

“அது இல்லாம எனக்கு என்ன கேன்சர்னே தெரியாது. தெரியாம வயித்தை வெட்டப் போறாங்க. அதனால நான் எங்கயும் போகலை, இங்கயே இருக்கேன். அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போகணும், அதை மட்டும் காட்டிடு.”

அந்தப் பெண் போனை எடுத்தாள். மதியத்துக்குள் சாவி ஒரு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தது. பிளாக்கை ஒரு மாத்திரைக் கவரில் போட்டு நீட்டினார்கள். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கா இவ்ளோ கூத்து” என்றாள்.

தில்லைநகருக்குத் தென்னூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். பிளாக்கைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, முடிவுக்காகக் காத்திருந்து மறுபடி வந்தோம். அந்தக் காத்திருப்பில் சொந்தக்காரர்கள் போன் செய்து மூலிகை, மந்திரம், பத்தியம் எல்லாம் சொன்னார்கள். சீக்கிரம் வெட்டி எடுக்காமல் நான் இழுத்தடிக்கிறேன் என்று பெரியப்பா மகன் சண்டையே போட்டான். நான் செய்வது சரிதானா என்று எனக்கும் தெரியாது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரி. ‘ஸ்மால் செல்’ என்ற வகை. சிறுநீர்ப்பையில் அபூர்வமாக வருவது.

“இது வேகமாப் பரவற ஜாதிம்மா. பையை மட்டும் எடுத்தா வேற எங்கயாவது முளைச்சிரும். முதல்ல கீமோ, அப்புறம் ரேடியேஷன். ஆபரேஷன் சொன்ன டாக்டர்கிட்டயும் பேசிட்டேன், அவரும் இதைத்தான் சரின்னு சொல்றார்.”

அக்கா நேராகக் கேட்டாள். “எவ்ளோ நாள் இருப்பேன் டாக்டர்?”

“நாள் கணக்கு நான் சொல்ல மாட்டேன். நெறிகட்டிக்குப் போயிருக்கு, அதை மறைக்கலை. கீமோவுக்கு இது நல்லாச் சுருங்கும். ஆனா திரும்ப வரவும் வாய்ப்பு அதிகம். சிலர் பல வருஷம் நல்லா இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம்னு இப்பவே யாராலயும் சொல்ல முடியாது.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் அழுதேன். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். “ஏய் மீனா, போதும். எனக்குப் பசிக்குது” என்றாள். பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. நான் அப்பளத்தை ஒடித்துக்கொண்டே இருந்தேன். அவள் ரசம் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மூன்று நாளாகக் கீமோ. முடி போனது, வாய் புண்ணானது, இரண்டாவது சுற்றில் காய்ச்சல் வந்து படுத்தே கிடந்தாள். ஒவ்வொரு முறையும் ஸ்ரீரங்கத்தில் அதே கீழ் அறை. அதற்கப்புறம் ரேடியேஷன். இப்போது ஒன்றரை வருடமாகிறது. பை அவள் உடம்பிலேயே இருக்கிறது. ஸ்கேனில் நெறிகட்டி தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா ஒருநாளும் சொன்னதில்லை. “இப்போதைக்கு ஒண்ணும் இல்லை” என்பார். ஒவ்வொரு முறையும் அந்த ‘இப்போதைக்கு’ என்னைப் படுத்துகிறது.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வலியே இல்லாமல் ரத்தம் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். மாத்திரை மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படியுங்கள், புரியாததைக் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கேட்பது துரோகமில்லை. பிளாக்கை எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அறை பிடிக்கும்போது கழிப்பறை எந்தத் தளத்தில் என்று கேளுங்கள். மார்கழியில் வருவதானால் காலண்டரைப் பாருங்கள்.

நாளை மறுபடி ஸ்கேன். காலை ரயில். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனால், சமையலறையில் பெரிய பாத்திரத்தில் இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது.

“நாளைக்கு ஸ்கேன்க்கா. இப்பப் போய் எதுக்கு இது?”

“ராத்திரி ஆட்டி வெச்சா காலையில பொங்கிரும்ல, ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போலாம்” என்றாள். “ரிசல்ட் என்னவா இருந்தாலும் வந்து சாப்பிடணுமா வேணாமா?”