தங்கச்சிக்கு வளர்த்த கீரை

அந்த விதை கனடாவிலிருந்து வந்தது. அண்ணன் அனுப்பிய பெட்டியில், சொக்லேட்டுக்கும் மூட்டு வலிக்குப் பூசுகிற நோவெண்ணெய்க்கும் நடுவே ஒரு பைக்கற். எள்ளைவிடச் சிறிய, மங்கிய மஞ்சள் விதைகள். பெயர் அல்ஃபால்ஃபா. தட்டில் முளைக்க வைத்து, இரண்டு இலை விட்டதும் கத்தரித்துப் பச்சையாகவே சாப்பிட வேண்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று அண்ணன் போனில் சொன்னார். தங்கச்சிக்காகத்தான் அனுப்பியிருந்தார்.

அக்காவும் தங்கச்சியுமாக நாங்கள் இருவரும் கல்லடியில், அம்மாவும் அப்பாவும் விட்டுப்போன வீட்டில் இருக்கிறோம். இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. நான் களுவாஞ்சிக்குடியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். விதை வருவதற்கு முந்தைய வருடம் அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியது. இரண்டு கன்னமும் சிவந்து தடித்தன. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற வருத்தம், அந்தச் சக்தியை அடக்கத்தான் தினமும் விழுங்குகிற குளிசை என்று கிளினிக்கில் விளக்கினார்கள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டிக் கேட்டேன். சில மாதம் கழித்து அண்ணன் சொன்னதையும் அதே காதால்தான் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எனக்குச் செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. குளிசை ஆஸ்பத்திரி கொடுத்தது. வலியை அவள் தாங்கினாள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பைக்கற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் தடவை, குளிர் நாட்டுக்காரர்கள் வீடியோவில் சொன்னபடி பன்னிரண்டு மணித்தியாலம் ஊறவைத்தேன். எங்கள் வெக்கைக்கு விதை புளித்து, பழங்கஞ்சி வாடை வந்தது. அடுத்த தடவை ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் தேங்காய்த் தும்புத்தூள் பரப்பி, ஆசையில் விதையை அள்ளித் தூவினேன். மூன்றாம் நாள் பஞ்சு ஒட்டினதுபோல வெள்ளைப் பூஞ்சணம். பிறகு அனல்போல வறண்ட கச்சான் காற்று தொடங்கியது. ஜன்னலோரம் வைத்த தட்டு, நான் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் கருகிய நூல்போலச் சரிந்து கிடந்தது.

நான் விடவில்லை. நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஊறவைக்கக் கூடாது, அதுவும் மண்பானைத் தண்ணீரில் என்று கண்டுபிடித்தேன். விதைக்கு விதை இடைவெளி இருக்க ஐதாகத் தூவினேன். வீட்டில் குளிர்ச்சியான இடம் குளியலறைக்கு வெளியே, வெயில் படாத சீமெந்துத் தரை. அங்கே ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் தட்டை வைத்தேன். இரண்டு நாள் மூடிவைத்து, முளை கண்டதும் திறந்தேன். மேலே தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கிறது என்று, தட்டின் அடியில் துளையிட்டு, கீழிருந்து தண்ணீர் உறிஞ்சவிட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு தட்டு நிறையப் பச்சை. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டு, தங்கச்சிக்குத் தான் கண்டுபிடித்த மருந்து என்று எழுதினார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் கைகூப்புகிற சின்னப் படங்களைப் போட்டார்கள். அலுவலகத்தில் எல்லோரும் விதை கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் பிள்ளைகளுக்கென்று கீரை வாங்கிப்போனாள்.

தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை. புல்லை மெல்லுவதுபோல இருக்கிறது என்றாள். நான் தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு, தேசிக்காய் பிழிந்து சம்பலாகக் கொடுத்தேன். எனக்காகத்தான் சாப்பிட்டாள். அந்த நாட்களில் அவளுடைய வீக்கம் வற்றியிருந்தது. அது குளிசையின் வேலை. நான் கீரையின் வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். கிளினிக்கில் புதிதாக எதையும் சாப்பிட்டால் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கீரையைப் போய் யார் சொல்லுவார்கள் என்று சொல்லவில்லை. அவள் சொல்லப்போனபோதும் நான்தான் தடுத்தேன். டொக்டருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன்.

நாலைந்து மாதத்தில் அவளுக்குத் திரும்பவும் மூட்டு வலி தொடங்கியது. பிறகு காய்ச்சல். காலையில் எழும்பும்போது முகம் ஊதியிருக்கும். நான் கீரையைக் கூட்டினேன். ஒரு தட்டு வைத்த இடத்தில் மூன்று தட்டு வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கீரை போட்ட கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அக்கா, எனக்கு இது வேணாம். இதத் திண்டா உடம்பு இன்னும் நோகுற மாதிரி இரிக்கு."

"நோகுறது வருத்தத்தால. கீரையால இல்ல. நான் வேலைக்கும் போய்க்கொண்டு மாடு மாதிரி முறிஞ்சு இத வளக்கிறன், நீ ஒரு வாய் திங்கேலாதா?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோப்பையை இழுத்து முழுவதையும் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் நின்று அவள் முடிக்கும்வரை பார்த்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கால் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் போனது. ஓட்டோவில் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வார்டில் ஓர் இளம் பெண் டொக்டர், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார். என்னென்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தங்கச்சி சோறு, மீன், பருப்பு என்று சொல்லிவந்து, கடைசியில் அக்கா வளர்க்கிற கீரை என்றாள். என்ன கீரை என்று டொக்டர் என்னைக் கேட்டார். நான் பெருமையோடுதான் பெயரைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இந்த வருத்தம் இரிக்கிறவங்க திங்கக் கூடாத சாமான் இது. மத்தவங்களுக்குப் பரவாயில்ல. இவங்களுக்கு வருத்தத்தக் கிளப்பிவிடும். இந்தக் குளிசை எடுக்கிற ஆக்களுக்குப் பச்சை முளையே கூடாது."

"அப்ப இதாலதானா டொக்டர் இப்பிடி வந்தது?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒழுங்காகக் குளிசை எடுத்தாலும் சிலருக்கு இப்படித் திரும்பக் கிளம்பும் என்றார். எத்தனை மாதம் கொடுத்தேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அண்ணனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். டொக்டரிடம் கேட்டுத்தானே கொடுத்திருக்க வேண்டும் என்றார். தான் நல்லதுக்கு அனுப்பியது, அவ்வளவுதான் என்றார். குழுவில் போட்ட படத்தை அன்றைக்கே அழித்துவிட்டார். அவரில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவள் கோப்பையைத் தள்ளிய நேரம் அவர் கனடாவில் இருந்தார், பக்கத்தில் நின்றது நான்.

தட்டுகளைக் கீரையோடு அப்படியே கிணற்றடிக்குப் பின்னால் குழியில் கொட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் மிச்ச விதையைத் தரச் சொன்னாள். அவளுடைய பிள்ளைகள் என்னிடம் வாங்கிய கீரையைச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். கொடுத்துவிட்டேன். அவள் வீட்டு மதிலுக்கு மேலால் அந்தப் பச்சை தெரியும். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். சிறுநீரகம் பழையபடி வேலை செய்யாது என்றார்கள். மாடிப்படி ஏறிப் படிப்பிக்க முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமையே, தனக்கு ஒரு சின்னப் பானை வாங்கித்தரச் சொன்னாள். அன்றிலிருந்து தன்னுடைய சோற்றைத் தானே பொங்குகிறாள். விரல் மடங்காத நாட்களில்கூடத் தானேதான். நான் ஆக்கித் தரட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"வேணாங்கா. நீ போட்டா நான் மறுக்கமாட்டன். அதுதான் எனக்குப் பயம்" என்றாள்.

இப்போது கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம். அவள் உள்ளே தனியாகப் போகிறாள். நான் வெளியே கிடக்கிற மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். வந்ததும் டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்பாள். பிறகு பஸ் தரிப்பிடத்துக்கு நடப்போம்.