எர்த் அடிக்காதுங்க

எலக்ட்ரீசியன் வேலையில கரண்டை விடப் பெரிய தொல்லை, நாம பேசற பேச்சு. ஃப்ரிட்ஜைத் தொட்டா சுருக்குங்குது, உடனே “எர்த் அடிக்குது”ங்கிறோம். நீங்களும் சொல்லியிருப்பீங்க, நானும் சொன்னவன்தான். எர்த் அடிக்காதுங்க. உள்ள ஒயரு உரிஞ்சு மேல் தகரத்துல கரண்டு ஏறுனா, அதை இழுத்துக்கினு போய் மண்ணுல விடறதுதான் அந்தப் பச்சை ஒயரோட வேலை. அடிக்குதுன்னா எர்த் செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

மூணாவது பின்

பொத்தேரியில காலேஜ் பொண்ணுங்க வாடகைக்கு இருக்கற ரூம்ல கெட்டில் ஷாக் அடிக்குதுன்னு கூப்பிட்டாங்க. ப்ளக்கைப் பார்த்தா, மேல இருக்கற தடி பின்னைக் காணோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு ஓட்டைதான் இருக்காம், அதனால ஒரு பொண்ணு கட்டிங் பிளேயரால ஒடிச்சுட்டுதாம். எர்த் எதுக்குன்னு அதுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். தலையை ஆட்டிக்கினே கேட்டுது. கடைசியில, இன்னாம்மா படிக்கிறேன்னேன்.

“எலக்ட்ரிகல்தாண்ணே. மூணாவது வருஷம்.”

டைரக்ட்

இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு. செங்கல்பட்டுல ஒரு டெய்லர் வூடு. மழை பேஞ்சா சுவத்துல ஓதம் ஏறி, மெயின் போர்டுல ட்ரிப்பர் விழுந்து கரண்டு கட்டாயிகினே இருக்கும். எங்கயோ கரண்டு லீக் ஆவுது, ஆளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் அது விழுது. மறுநாள் அவங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். வந்தவங்க முன்னாடி கரண்டு போனா மானம் போயிடும், டைரக்ட் குடுத்துடுப்பான்னு டெய்லர் சம்சாரம் கெஞ்சினாங்க. ட்ரிப்பரைத் தாண்டி ஒயரைப் போட்டுக் குடுத்தேன். விசேஷம் முடிஞ்சதும் வந்து கழட்டறேன்னு சொன்னவன், வேலை வேலைன்னு பதினஞ்சு நாள் போவல.

டெய்லர் சம்சாரம் ஈரக் கையோட வாஷிங் மெஷினைத் தொட்டிருக்காங்க. தூக்கி அடிச்சதுல கை எலும்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. உசுரு தங்குனதே பெருசு. பார்க்கப் போனேன். திட்டுவாங்க, வாங்கிக்கலாம்னுதான் போனேன்.

“உன் மேல தப்பு இல்லப்பா. நாங்க கேட்டதைத்தானே செஞ்ச.”

ஃப்ரிட்ஜ் செருப்பு

புதுப்பட்டினத்துல மேரியக்கா மீன் விக்கறவங்க. அவங்க வூட்டு ஃப்ரிட்ஜ் முன்னாடி ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கெடக்கும். அதுல காலை நுழைச்சிக்கினுதான் எல்லாரும் கதவைத் தொறப்பாங்க. எர்த்துதானே அடிக்குதுன்னு அவங்க வூட்டுக்காரர் பச்சை ஒயரையே வெட்டி விட்டிருந்தார். பிரசவத்துக்கு வந்த மக இன்னும் புருஷன் வூட்டுக்குப் போவல. அவ கொழந்தை அப்பதான் தவழ ஆரம்பிச்சிருந்துது. தவழற கொழந்தை எந்தச் செருப்பைப் போட்டுக்கும், சொல்லுங்க.

ஒயரைச் சேர்த்தேன். சேர்த்ததும் ட்ரிப்பர் விழுந்துச்சு. ஃப்ரிட்ஜுக்குள்ளயே லீக்கு, மெக்கானிக் வந்து பார்க்கணும். இவ்வளவு நாள் ஓடுனதை நீ வந்து கெடுத்துட்டேன்னு அக்கா சண்டைக்கு வந்தாங்க. உள்ள மறுநாள் விக்க வேண்டிய வஞ்சிரம் இருந்துது. டைரக்ட் குடுத்துட்டுப் போன்னாங்க. டெய்லர் வூட்டுல ஒரு தடவை குடுத்ததே போதும். ஃப்ரிட்ஜ் ப்ளக்கை வெட்டி என் பையில போட்டுக்கினு கெளம்பிட்டேன். தெருமுனை வரைக்கும் திட்டு கேட்டுது. மூணு நாள் கழிச்சு மெக்கானிக் சரி பண்ணினார், நான் போய்ப் புது ப்ளக் மாட்டினேன், அக்கா மூஞ்சி குடுத்துப் பேசல. அடுத்த வாரம் அவங்ககிட்டேயிருந்து போன் வந்துச்சு.

“பாப்பா இன்னிக்குத்தான் மொத மொதலா எழுந்து நின்னுச்சு நைனா. ஃப்ரிட்ஜைப் புடிச்சிக்கினு.”

நம்ம வேலையை ஒழுங்கா செஞ்சா ஒண்ணுமே நடக்காது, அதனாலதான் ஒழுங்கா செஞ்சவனை யாருக்கும் ஞாபகம் இருக்கறதில்ல.