நாற்பதைத் தாண்டாத பில்லைகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பில்லையக்கா. பதினாறு வருஷம் தரை ஓடு செய்யும் ஆலையில் சூளை பார்த்தவள். ஆலையை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தாள். வெள்ளைப் பீங்கான் தூளை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பில்லை செய்வது அவள் வேலை. திரவமே இல்லாத சோடியம் பேட்டரியில் இரண்டு முனைகளுக்கும் நடுவே அந்தப் பில்லைதான் இருக்கும். திரவம் இல்லாததால் தீப்பிடிக்கும் பயம் குறைவு. சோடியமோ உப்பிலேயே கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நாற்பது தடவை சார்ஜ் ஏறி இறங்குவதற்குள் பேட்டரி செத்துவிடும். சோடியம் மயிரிழையாகப் பில்லைக்குள் ஊடுருவி மறுபக்கத்தைத் தொட்டுவிடும். ஒவ்வொரு முறையும் குழுத் தலைவர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவள் சரியாக அழுத்தினாளா என்றுதான் முதலில் கேட்பார். இரண்டு வருஷமாக அதே கேள்வி. சூடு குறைந்தால் பில்லையில் ஓட்டை. கூடினால் சோடியம் ஆவியாகிப் போகும். எதை மாற்றினாலும் பழி அவள் தலையில்தான் விழுந்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. பஸ் ஓட்டும் கணவன் அவள் பேட்டரியைவிடத் தன் பழைய வண்டி தேவலை என்று சீண்டினான். அவள் சிரிக்கவில்லை; பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

ஒரு புதன்கிழமை பன்னிரண்டில் மூன்று பில்லைகள் மட்டும் நூற்றைம்பது தடவையைத் தாண்டின. எல்லாவற்றுக்கும் ஒரே தூள், ஒரே சூடு. குறிப்பேட்டைப் புரட்டினாள். சுட்ட பில்லையின் மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய கையோடு, பேட்டரி பூட்டும் காற்றுப் புகாத பெட்டிக்குள் போனவை அந்த மூன்றும். மற்றவை தட்டில் காத்திருந்தவை. நேராகத் தலைவரிடம் போனாள்.

“தப்பு அழுத்தத்துல இல்ல சார். தேய்ச்ச பில்லைய வெளிய வச்சுட்டு என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுடுறீங்க. ஈரக்காத்து பட்டு மேல ஏடு கட்டிடுது. அதுல சோடியம் சரியா ஒட்டாம, ஒட்டுன இடத்துல மட்டும் குவிஞ்சு உள்ள துளைக்குது.”

அவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். “நிச்சயமா சொல்றீங்களாக்கா?”

“நம்பலன்னா ஒரு தட்ட வெளிய வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார்கள். வெளியே இருந்தவை வழக்கம்போல் செத்தன. உடனே பெட்டிக்குள் போனவை எல்லாமே இருநூற்றைத் தாண்டின. அடுத்த மீட்டிங்கில் தலைவர் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரமே உள்ளங்கை அகலத்துக்குப் பில்லை வேண்டும் என்றார்கள். பொத்தானை வைத்து வண்டி ஓட்ட முடியாதே. ஒன்பது சுட்டாள். எட்டு உலையிலேயே பிளந்தன. மிச்சம் ஒன்று அப்பளமாக வளைந்திருந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் வீசப்போனவள், வாய்க்குள் திட்டிக்கொண்டே, வளைவை அளக்க ஸ்கேலைத் தேடினாள்.