தமிழ் ஒன்றாம் வகுப்பு, பாறசாலை

ஜூன் மழை. பள்ளி திறக்கும் நாள். பாறசாலை அருகே ஒரு பள்ளி வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்காக மிஷன்காரர்கள் தொடங்கிய பள்ளி. மாநில எல்லை வகுத்தபோது கேரளத்துக்குள் நின்றுவிட்டது. தமிழ் ஒன்றாம் வகுப்பில் இன்னும் யாரும் சேரவில்லை. மகளை மலையாள வகுப்பில் சேர்க்க வந்த ஒரு தாயை டீச்சர் வாசலிலேயே மறிக்கிறார்.

"மக்கா, நீ எனக்க கிளாஸ்ல தமிழ் படிச்சவளாக்கும். மோளையும் இங்க விடு."

"படிச்சு என்ன டீச்சரே? வேலைக்கு ஒரு அப்ளிகேஷன்கூட மலையாளத்துல எழுதத் தெரியாம நின்னேன்."

நான் குறுக்கிடுகிறேன். "எங்க வீட்டுல முதல்ல படிச்சவ நான். தமிழ்லதான் படிச்சேன். இப்போ வேலையில இருக்கேன்."

"எங்க வேலை?" என்கிறாள் அந்தத் தாய்.

"மதுரையில."

"இவ இங்கயில்லா ஜீவிக்கணும்."

டீச்சர் குனிந்து, தமிழ் வகுப்புக்கென வாங்கிய பலூனைச் சிறுமியிடம் கொடுத்து, மலையாள வகுப்புக்கு வழி காட்டுகிறார்.