கட்டிலுக்கு இரண்டடி தள்ளி

நோர்வேயில் நான் துப்புரவு வேலை செய்யும் மருத்துவமனையில், நினைவில்லாமல் கிடப்பவர்களோடு வீட்டார் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே பனி கொட்டுகிறது, நாய்க்கு ஊசி போட்டாயிற்று, காருக்குச் சில்லு மாற்றினேன் என்று கண் திறக்காத மனிதரிடம் சொல்வார்கள். ஒரு பெண் கிழமைக்கணக்காகக் கணவரின் நகம் வெட்டி, முகம் வழித்து, பக்கத்துக் கதிரையிலேயே இருந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். வந்த புதிதில் அது விசர்த்தனமாகவே பட்டது. நோயாளியின் வீட்டாரை அங்கே ‘போரோரண்டே’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் ‘தொடுதல்’ இருப்பதாக என்னோடு வேலை செய்யும் ஒருத்தி சொன்னாள். பதினாறு வருடம் அந்தத் தரையைத் துடைத்ததில் அவர்களின் பழக்கம் எனக்கும் இயல்பாகிவிட்டது.

போன மாசியில் அண்ணன் விழுந்தார். தம்பலகாமத்து வயலிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, கண்டி வீதியில் படுத்திருந்த மாட்டுக்கு விலத்தப் போய்த் தலை அடிபட்டுவிட்டது. கண்டியில் மண்டையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்தபின் திருகோணமலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று விமானம் மாறி, பிறகு ஏழு மணி நேரம் வான் வண்டியில் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அண்ணி ஐசியு வாசலில் போட்டிருந்த வாங்கில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தா. பின்னேரம் அரை மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் நாங்கள் அந்த வாங்கில் இருந்தோம். துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதுவது கேட்கும்.

முன்பு அப்பா இதே ஊரில் சாதாரண வார்ட்டில் கிடந்தபோது அண்ணனும் நானும் முறை வைத்து அவரோடு நின்றோம். கஞ்சி பருக்கியது, முதுகு துடைத்தது, கட்டிலடியில் பாய் விரித்தது எல்லாம் நாங்கள்தான். ஆனால் ஐசியு வேறு. கிருமி தொற்றிவிடும் என்று குடும்பம் வாசலோடு நின்றுவிடும். உள்ளே விடும் அந்த அரை மணி நேரத்திலும் அண்ணி கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றா.

“கிட்டப் போங்கோ அண்ணி.”

“ஏலாது. வயரெல்லாம் பார்க்கப் பயமாக் கிடக்கு. நான் தொட்டு ஏதும் கழண்டா?”

மூன்றாம் நாள், பொறுப்பாக இருந்த தாதியிடம் நானே கேட்டேன். கிண்ணியாவைச் சேர்ந்த பிள்ளை, பெயர் பர்சானா.

“மிஸ், அண்ணனுக்குக் கை கால் துடைச்சுவிட எங்களை விடுவீங்களோ?”

அவளின் முகம் மாறிவிட்டது. “ஏன், நாங்க பார்க்கிறது காணாதா? இது வெளிநாடு இல்ல அக்கா.”

அங்கே அந்தக் கேள்விக்கு, கூடச் சேர்ந்து பார்க்கிறோம் என்று அர்த்தம். இங்கே அது என் வாயிலிருந்து முறைப்பாடாக வந்து விழுந்திருக்கிறது. ஆறு கட்டிலுக்கும் ஓடித் திரிந்த பிள்ளை அவள். மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்க அவளுக்கு நேரமிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் பர்சானாவே வாசலுக்கு வந்தாள். மயக்க மருந்தைக் குறைக்கக் குறைக்க அண்ணன் உதறுகிறார், வாயிலுள்ள குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். “மனிசியின்ட குரல் தெரியும். வந்து கையைப் பிடிச்சுக் கதையுங்க.” நானும் கூடப் போனேன். முதலில் நான்தான் குனிந்து, “அண்ணா, நான் வந்திருக்கிறன்” என்றேன். உதறல் நிற்கவில்லை. அவருக்கு என் குரல் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக் குரல். அண்ணி வயர்களை விலத்தி அவரின் விரல்களைப் பிடித்தா. என்ன கதைப்பதென்று தெரியாமல் வழக்கமான முறைப்பாட்டையே தொடங்கினா.

“இஞ்சேருங்கோ, வயலில மோட்டர் பழுதாக் கிடக்கு. ஒருத்தரும் வந்து பார்க்கயில்ல. இப்பிடிக் கிடந்தா நான் என்ன செய்யிறது?”

அண்ணனின் கை மெல்லத் தளர்ந்து அவவின் கைக்குள் அடங்கியது. அண்ணி நிறுத்தாமல் கதைத்தா. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, உள்ளே எங்கோ எரியவும் செய்தது.

அடுத்த நாளிலிருந்து பர்சானா பெரிய தாதியிடம் கேட்டு அண்ணியைக் காலையிலும் உள்ளே எடுத்தாள். கை கழுவுவது, விரல் மடக்கி நீட்டுவது, எந்த வயரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் காட்டிக்கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, என்னைப் பார்க்காமலே ஒரு சின்னப் போத்தல் எண்ணெயை நீட்டி, “நீங்க காலைப் பாருங்க அக்கா, குதி புண்ணாகாம” என்றாள்.

அண்ணன் பிழைத்தார். இப்போது பொல்லுப் பிடித்து நடக்கிறார். வலது கை இன்னும் சரிவரவில்லை. நான் திரும்பிவந்து அதே தரையைத்தான் துடைக்கிறேன். ஆனால் குழாய் எடுத்து இரண்டாம் நாள் அவர் கதைத்தது எனக்குள் அப்படியே கிடக்கிறது. நான் கட்டிலின் கால்மாட்டில் அவரின் குதிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். என்னை நேரே பார்த்தார். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, அடைத்த குரலில் கேட்டார்.

“தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டியோ?”

அண்ணி என்னைப் பார்த்தா.

“சொல்லாத. அவள் அங்க தனியக் கிடந்து அழுவாள்” என்றார்.

“சொல்லயில்ல அண்ணா” என்றேன் நான்.

ஆறுதலாகக் கண்ணை மூடினார். அவரின் கால் என் கையில் சூடாக இருந்தது.