மரியாதையாக வந்த சாவி

எங்கள் பக்கத்துப் பங்காளிச் சண்டையை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பந்திக்கு அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். என் சித்தப்பா மகன் என் தோட்டத்துக்குப் போகும் தடத்தில் இரும்பு கேட் போட்டதும் அந்த லட்சணத்தில்தான் நடந்தது. உட்கார வைத்துக் காபி கொடுத்தான். தின்னக் கச்சாயம் கொடுத்தான். கடைசியில் ஒரு சாவியையும் கையில் கொடுத்தான்.

"தேங்காய் களவு போகுதுங்ணா. கண்டவனெல்லாம் வந்து உக்காந்து பாட்டில் ஒடைக்கறானுங்க. அதான் கேட் போட்டுட்டன். உங்களுக்குத் தனியா ஒரு சாவிங்."

"எனக்கு எதுக்கு தம்பி இவ்வளவு சிரமப்பட்டுட்டு" என்று நெளிந்துகொண்டே வாங்கி வந்தேன். தன் வழியை மறித்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்த ஆள் கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கருமத்தம்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்தப் பூமியை அப்பாவும் சித்தப்பாவும் வாய்ப்பேச்சாகவே பிரித்துக்கொண்டார்கள். ரோட்டை ஒட்டிய பாதி சித்தப்பாவுக்கு. பின்பாதித் தென்னந்தோப்பு எங்களுக்கு. பின்னால் போக வேண்டுமானால் சித்தப்பா பூமியின் வடவோரமாக ஒரு வண்டித்தடம். அப்பா அதில்தான் காலமெல்லாம் போனார், வந்தார். இன்று சித்தப்பாவும் இல்லை, அப்பாவும் இல்லை. நான் ரிட்டயர் ஆன பிறகும் பீளமேட்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விவசாயி ஆகிறவன். தென்னைக்கு எந்தப் பக்கம் வேர் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

சாவி வாங்கிய பெருமையை வீட்டில் சொன்னபோது மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ஏனுங்க, அவிய பூமியைச் சைட்டுப் போட்டு விக்கறவங்களுக்குக் குடுக்கப் போறாங்களாமா. உங்களுக்குத் தெரியாதா?"

"கேட் போடறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும். நீங்கதான் படிச்சவங்க. வக்கீலைப் போய்ப் பாருங்க."

வக்கீலம்மா எனக்குத் தூரத்து உறவு. அதனால் கட்டணத்தில் தள்ளுபடி கிடையாது, திட்டில் மட்டும் தாராளம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்கப்பா அந்தத் தடத்துல போறப்ப யாரையாச்சும் அனுமதி கேட்டாருங்களா?"

"அப்பாவா? ஒருத்தரையும் கேக்க மாட்டாருங்க."

"அதுக்குப் பேருதான் பாத்தியம், தட உரிமை. நீங்க என்ன பண்ணுனீங்க? அவங்க குடுத்த சாவியைக் கை நீட்டி வாங்கிட்டு வந்தீங்க. நாளைக்கு அவங்க கோர்ட்டுல என்ன சொல்லுவாங்க? 'அண்ணனுக்குப் பாத்தியமெல்லாம் இல்லீங்க, பாவம்னு நாங்கதான் சாவி குடுத்து விட்டுட்டிருந்தோம்'னு சொல்லுவாங்க. பூமி வாங்கறவன் அந்தச் சாவியையும் மாத்திப் போடுவான். அப்புறம் உங்க தடத்து மேல எவன் ஊட்டுக் குளியலறையோ நிக்கும். நீங்க தோப்புக்கு ஹெலிகாப்டர்லதான் எறங்கோணும்."

"காபி குடிச்சுட்டு வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க."

"உங்க மரியாதையில தீயை வெக்க" என்றார் வக்கீலம்மா. "முதல்ல சாவியைத் திருப்பிக் குடுங்க. போறதை மட்டும் நிறுத்தாதீங்க. கேஸ் போடலாம், போடறேன். தீர்ப்பு வர்றதுக்குள்ள பூமி கை மாறிரும். வாங்கறவங்க காதுல தடம் இருக்குங்கறது விழுகோணும், அதான் முக்கியம்."

வக்கீலம்மா ஆபீஸை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ரோஷம் வந்தது. வந்த ரோஷத்தோடு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி இல்லை. அவன் மனைவி இருந்தாள்.

"இந்தா அம்மணி, சாவி. எனக்கு வேண்டாம்."

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஏனுங் மாமா, நாங்க என்னங் தப்புப் பண்ணிப்போட்டோம்? ஒறம்பரை, சொந்தத்துல நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்லுவாங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பா சாவி இல்லாமப் போனாரு, நானும் அப்படியே போறேன்."

"சரிங் மாமா. உக்காருங், மோர் கொண்டாறேன்."

மோரைக் குடித்துவிட்டுச் சாவியை மேஜையில் வைத்தேன். வெறுங்கையோடு அனுப்பினால் அவர்கள் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொடுத்தாள். பீளமேட்டில் பையைக் கொட்டினால் காய்க்கு அடியில் சாவி. மனைவி சிரித்த சிரிப்புக்கு எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை நூலில் கோத்து அவன் கேட்டின் பூட்டுச் சங்கிலியிலேயே கட்டித் தொங்கவிட்டேன். பிறகு, போறதை நிறுத்தக் கூடாதே, கேட்டின் மீது ஏறினேன்.

ஏறினேன் என்று எழுதுவது சுலபம். என் உடம்பை அறிந்தவர்களுக்கு அது எத்தகைய காட்சி என்று தெரியும். ஒரு காலை அந்தப் பக்கம் போட்டதும் வேட்டி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ரோட்டில் நின்ற மினி பஸ் எனக்காகவே தாமதித்துக் கிளம்பியதோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். தம்பி மாட்டுக்குத் தீவனம் வைப்பதை விட்டுவிட்டு ஓடி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்துங்ணா, அந்தக் கம்பி ஆடுது. சாவி அங்கயேதானே தொங்குதுங்?"

"எனக்கு அது வேண்டாம் தம்பி. இது என்ற தடம்."

"உங்க தடந்தானுங்ணா. ஆரு இல்லைன்னாங்க?"

"அதை எழுதிக் குடு."

"அதுக்கு இப்ப என்னங்ணா அவசரம். மொதல்ல எறங்குங்."

அடுத்த வாரம் போனால் கேட்டுக்கு அடியில் ஒரு சிமெண்ட் கல் கிடந்தது. அண்ணன் ஏறுவதற்கு வசதியாகப் போட்டிருக்கிறான். அந்தக் கல்லை மாலை மரியாதையாக நினைத்து ஏறியிருப்பேன், முந்தைய மாதமாக இருந்தால். அதுவும் அவன் தயவு என்று உறைத்ததால் கல்லைச் சுற்றிக்கொண்டு போய், ஆடுகிற பக்கமாகவே ஏறி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். கொள்கைக்காக ரத்தம் சிந்தியவர்களின் வரிசையில் என் பெயரையும் சேர்க்கலாம். மூன்று சொட்டு தேறும்.

சங்கடம் தேங்காய் பறித்தபோது வந்தது. பறிக்கிறவர்கள் என்னைப் போலவே ஏறிக் குதித்துப் பறித்துவிட்டார்கள். காய்கள் ஏறிக் குதிக்காதே. டெம்போ கேட்டுக்கு வெளியே நிற்கிறது, காய் உள்ளே குவிந்து கிடக்கிறது. டெம்போக்காரர் ஹாரன் அடித்தார்.

"சாவி அங்க தொங்குதுங்களே, தொறக்கலாமுங்களா?"

"கூடாது."

"ஏனுங்க?"

"அது அவங்க சாவி."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவேயில்லை. அன்று மாலை வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். தோப்பையே விற்றுத் தொலைத்துவிடலாமா என்றுகூட வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"தடமில்லாத தோப்பை எவன் வாங்குவான்? உங்க தம்பியேதான் அடிமாட்டு வெலைக்குக் கேப்பாங்க. அதுக்குத்தான் இத்தனை காபியும்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நின்றாள். "ஏனுங்க, ஒரு சங்கிலிக்கு ஒரு பூட்டுதான் போடோணும்னு சட்டம் இருக்குதுங்களா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் தன் வளையலையும் என் கைக்கடிகாரத்தையும் கோத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. சங்கிலியின் ஒரு நுனியில் என் பூட்டு, மறு நுனியில் அவன் பூட்டு, நடுவில் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எதைத் திறந்தாலும் கேட் திறக்கும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டவுன்ஹால் கடைவீதியில் இருந்ததிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர், நகைக்கடையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அவன் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து கேட்டைத் திறந்து வைத்திருக்கும் காலை நேரமாகப் பார்த்துப் போனேன். திருட்டுத்தனமாக மாட்டக் கூடாது, அவன் கண்ணெதிரில் மாட்ட வேண்டும் என்று வீம்பு. சங்கிலியின் நுனியில் என் பூட்டைக் கோத்தேன்.

தம்பி கிட்டே வந்து பார்த்தான். "ஏனுங்ணா, என்ற பூட்டு மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"உன்ற பூட்டு நல்ல பூட்டு தம்பி. அது உன்ற பூட்டா இருக்குதே, அதுதான் தொந்தரவு."

"இதெல்லாம் எதுக்குங்ணா, கூடப் பொறந்தவங்க மாதிரி இருந்துபோட்டு."

"கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் தடம் தடந்தான். நான் இனி உன்ற தயவுல என்ற தோப்புக்குள்ள போக மாட்டேன். புடுங்கி எறியறதுன்னா எறி. மறுபடி வாங்கியாந்து மாட்டுவேன். பென்சன் வருது."

அவன் தன் பூட்டைக் கையில் உருட்டினான். மாட்டாமல் போனால் கேட் திறந்தே கிடக்கும், மாட்டினால் என் பூட்டை ஒத்துக்கொண்டதாக ஆகும். உள்ளேயிருந்து அவன் மனைவி, "மாமாவுக்குக் காபி போடட்டுங்களா?" என்றாள்.

"போடு" என்றான் தம்பி. என் பூட்டின் வளையத்துக்குள் தன் பூட்டைக் கோத்து அழுத்தினான். நான் அப்போதே என் சாவியால் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். காபியையும் குடித்தேன். காபி மீது எனக்கு எந்த வழக்கும் கிடையாது. அன்றே வேறு டெம்போ பிடித்துக் காயை ஏற்றி அனுப்பினேன்.

பூமி வாங்குகிறவர்கள் அடுத்த மாதம் ஒரு வெள்ளைக் காரில் வந்தார்கள். நான் தோப்பிலிருந்து கேட் பக்கம் வந்தபோது தம்பி அவர்களுக்குக் கிணற்றைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தான். அவர்களில் வயதானவர் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு பூட்டு இருக்குதுங்களே. இந்தப் பெருசு யாருதுங்க?"

தம்பி கிணற்றுப் பக்கம் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.

"என்னுதுங்க" என்றேன். "பின்னால தெரியறது என்ற தோப்பு. நீங்க நிக்கறது என்ற தடம். எங்கப்பா காலத்துல இருந்து. பூமியை வாங்குங்க, சைட்டுப் போடுங்க, எனக்கு ஒண்ணுமில்லை. இந்த வடவோரத்தை மட்டும் உங்க சைட்டுப் படத்துல ரோடுன்னு போட்டுக்குங்க. போடலைன்னா என்னைத் தெனமும் பாக்க வேண்டி வரும்."

அவர் தம்பியைப் பார்த்தார். "இதை நீங்க சொல்லவே இல்லீங்களே."

"அண்ணனுக்குத் தடம் இருக்குதுங்க" என்றான் தம்பி. தரையைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டான், அதுவும் அந்நியர்கள் முன்னால். எழுதிக் கொடு என்று நான் கேட்டதற்கு அதுவரை கிடைத்த பதில்களில் அதுதான் உருப்படியானது.

பெரியவர் காரிலிருந்து அளவு டேப்பை எடுத்து வரச் சொன்னார். தடத்தின் அகலத்தை அளக்க ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. தம்பி கை நீட்டினான். நான் முந்திக்கொண்டு வேலியோரம் போய் நின்று, முனையை எல்லைக்கல்லோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன்.