கீழே விழுந்த படகு நேரம்

என் மருமகள் கணினியில் இணையப் பக்கம் செய்கிறவள். யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்து, நெடுந்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே மேசை போட்டு வேலையைத் தொடங்கினாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நடக்கிற வேலை இன்னதென்று தெரியாமல் இருக்க என்னால் ஏலாது. ஆகவே அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிடுவேன்.

அவளுக்கு வந்த முதல் வேலை, தீவில் தங்குமிடம் நடத்துகிற ஒரு அம்மாவுடையது. அந்த அம்மா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அகலமான பத்தியில் தங்குமிடத்தைப் பற்றிய எழுத்தும் படங்களும். அதற்கு வலப்பக்கத்தில் ஒடுங்கிய பத்தி ஒன்று, அதில் அக்கரையில் குறிகட்டுவானிலிருந்து படகு வெளிக்கிடும் நேரமும் இங்கிருந்து திரும்பும் நேரமும். கடைசிப் படகைத் தவறவிட்டவர்கள் இறங்குதுறையில் நின்று தன்னைத்தான் ஏசுகிறார்கள் என்பது அவவின் குறை. இரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் படகு நேரம் இணையப் பக்கத்தில் ஒழுங்காக வராவிட்டால், வேலையைப் பட்டணத்தில் வேறு ஆட்களிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தா.

முதல் நாள் இரண்டு பத்தியும் அருகருகே ஒழுங்காகத்தான் நின்றன. அந்த அம்மா பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கு பிள்ளை, வடிவில்லை" என்றா. மருமகள் மறுநாள் விடிய எழும்பி அதைத் திருத்தினாள். கையோடு புதுப் படங்களும் போட்டாள், நேர அட்டவணையையும் மாற்றினாள். பார்த்தால் படகு நேரம் வலப்பக்கத்தில் இல்லை. எல்லா எழுத்துக்கும் எல்லாப் படத்துக்கும் கீழே, அடியில் போய்க் கிடந்தது.

"என்ன பிள்ளை, விழுந்துபோச்சோ?"

"ஓம் மாமி. ஏனெண்டு தெரியேல்லை."

"ஆர் தள்ளினது?"

"ஒருத்தரும் தள்ளேல்லை. பக்கத்தில இடம் காணாட்டில் அது தானாக் கீழ போயிடும்."

தள்ளாமலே ஒன்று கீழே போகும் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. எழுத்தைச் சின்னனாக்கினால் இடம் மிச்சப்படுமே என்றேன். ஆக்கிப் பார்த்தாள். பத்தி அசையவில்லை.

"மாமி, ஒவ்வொரு பத்தியும் ஒரு பெட்டி, எழுத்து அதுக்குள்ள கிடக்கு. எழுத்துச் சிறுத்தால் பெட்டி சிறுக்குமோ?" என்று கொஞ்சம் சினந்துதான் சொன்னாள்.

மூன்று மணியாகியும் அவள் சாப்பிட எழும்பவில்லை. புதுப் படங்களை நீக்கிப் பார்த்தாள். அட்டவணையைப் பழையபடி வைத்துப் பார்த்தாள். படகு நேரம் அடியிலேயே கிடந்தது. முகம் வாடிப்போயிற்று. முதல் வேலை அல்லவா.

நான் விடவில்லை. "அந்தப் பெட்டியளுக்கு எவ்வளவு அகலம் குடுத்தனீர்?"

"பெரிசுக்கு நூற்றில எழுபது, சின்னனுக்கு முப்பது. ரெண்டும் சேர நூறு. சரிதானே?"

கணக்குச் சரிதான். இருந்தாலும் எனக்கு என் மாட்டுக் கொட்டில் ஞாபகம் வந்தது. எங்கள் தீவில் எல்லை வேலி ஓலையால் அடைப்பதில்லை. கடற்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். சாந்து பூசுவதில்லை, ஆகையால் அடி அகலமாக இருந்தால்தான் வேலி நிற்கும். வீட்டுக்குப் பின்னால் இருந்த இருபது முழ நிலத்தை அப்பு, அதுதான் என் அப்பா, அக்காவுக்கும் எனக்கும் சீதனமாகப் பிரித்தார். பதினாலு முழம் அக்காவுக்கு, மிச்ச ஆறு முழம் என் கொட்டிலுக்கு. கயிறு பிடித்து அளந்தார்கள். அக்காவின் பங்கு முடிந்த இடத்திலிருந்து வேலியை அடுக்கினார்கள். வேலியே இரண்டு முழத்தைத் தின்றுவிட்டது. ஆறு முழத்துக்கென்று தறித்து வைத்த மரம் நாலு முழத்துக்குள் கிடக்குமா? கொட்டிலை அதற்கும் பின்னால் கிடந்த வளவில் கொண்டுபோய்ப் போட்டோம். வேலிக்கு யார் இடம் கொடுப்பது என்று அளந்தவர் ஒருவரும் யோசிக்கவில்லை.

"பிள்ளை, அந்த அம்மா ஒட்டிக் கிடக்கு எண்டவவெல்லோ. நீர் நடுவில இடம் விட்டனீரோ?"

"ஓம், நூற்றில மூண்டு விட்டனான்."

"அந்த மூண்டை ஆரிட்ட வாங்கினனீர்?"

அவள் எழுபது, முப்பது, மூன்று என்று விரல்விட்டுக் கூட்டினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒருத்தரிட்டையும் வாங்கேல்லை மாமி. நூற்றுமூண்டாப் போச்சு."

"சின்னனிட்ட வாங்காதையும். பாவம், அது ஏற்கெனவே ஒடுங்கிக் கிடக்கு."

"ஆரிட்டையும் வாங்கத் தேவையில்லை. சிஎஸ்எஸ்ஸில கிரிட் எண்டு ஒரு முறை இருக்கு. நடு இடைவெளியை முதல் எடுத்துப்போட்டு, மிச்சத்தைத்தான் ஏழு பங்கு மூண்டு பங்கு எண்டு பிரிக்கும்."

சிஎஸ்எஸ் என்பது, பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று கட்டளை போடுகிற எழுத்து. அதை முன்னமே கேட்டு வைத்திருந்தேன். முதலில் வேலிக்கு, பிறகுதான் ஆட்களுக்கு! எந்தப் புண்ணியவானின் யோசனையோ. மருமகள் இரண்டு வரியை மாற்றினாள். படகு நேரம் எழும்பி வந்து பக்கத்தில் நின்றது.

அப்போது மணி மூன்றரை. என் கைப்பேசியிலும் காட்டச் சொன்னேன். அந்தச் சின்னத் திரையில் ஒடுங்கிய பத்தி இன்னும் ஒடுங்கி, நேரங்கள் துண்டு துண்டாக உடைந்து கிடந்தன. இலக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கே வாசிக்க ஏலவில்லை.

"கைப்பேசியில ரெண்டு பத்திக்கு இடம் காணாது மாமி. ஒண்டுக்குக் கீழ ஒண்டு வைக்கிறன்."

"விடியத் துவக்கம் மேல ஏத்தப் பாடுபட்டுப்போட்டு, இப்ப நீராவே கீழ இறக்கிறீரோ?"

"அது விழுந்தது. இது நான் இறக்கிறது."

"இறக்கிறதெண்டால் நீர் படத்தை இறக்கும். படகுக்கு ஓடுற ஆள் நிண்டு படமோ பாக்கப்போகுது?"

"அதுவும் சரிதான் மாமி" என்றாள். பிறகு சின்னத் திரையில் மட்டும் படகு நேரம் மேலே, மற்றதெல்லாம் கீழே என்று எழுதினாள்.

நாலு மணிக்கு அந்த அம்மா கூப்பிட்டா. இறங்குதுறையில் நின்றே பார்த்தாவாம். குரல் எனக்கும் கேட்டது. "திறந்த உடன நேரம் கண்ணில படுது. இதைத்தான் பிள்ளை கேட்டனான்." பட்டணத்து ஆட்களைப் பற்றிப் பேச்சே இல்லை. வேறு ஏதோ சொன்னா, மருமகள் "ஓம் அக்கா, ஓம்" என்று கேட்டுக்கொண்டு கைப்பேசியை வைத்தாள்.

"என்னவாம்?"

"இன்னொரு பக்கமும் என்னையே செய்யட்டாம். அதில ரெண்டு கரையிலயும் பத்தி வேணுமாம், நடுவில எழுத்து."

"மூண்டாப் பிரிக்கிறதோ? நடுவில நிக்கிறதுக்கு எத்தனை பங்கு குடுப்பீர்?"

"முதல்ல சோறு, மாமி" என்று எழும்பிக் குசினிக்குள் போனாள். நானும் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன்.